ஐஸ் உருகும் வரை

டெக்சஸில் ரவுண்ட் ராக்கிலும் அதைச் சுற்றியும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களில் பாதிப்பேருக்கு மாரிசாமியின் பெயர் தெரியாது. அவர்கள் போனில் அவர் 'ஏசி அங்கிள்'. ஒரு வீட்டு அம்மா வாட்ஸப்பில் படம் காட்டுகிறேன் என்று போனை நீட்டியபோது அவரே பார்த்துவிட்டார். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அதுதான் இருந்தது, பக்கத்தில் ஒரு சின்ன மின்விசிறிப் படத்தோடு. ஐம்பத்தேழு வயதில் மகனுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைக்கும் என்று கோவில்பட்டியில் அவருடைய அம்மா கனவிலும் நினைத்திருக்கமாட்டாள்.

நம் ஆட்கள் கெட்டவர்கள் இல்லை. பொங்கல், பிறந்தநாள், புதுவீடு என்றால் குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். தனி ஆளைக் கூப்பிட்டால் எந்தப் பக்கம் உட்கார வைப்பது, யாரோடு பேச விடுவது என்று அவர்களுக்கு ஒரு குழப்பம். அதனால் மறந்துவிடுவார்கள், அவ்வளவுதான். ஆனால் ஜூன் பிறந்து, வெயில் நூறைத் தாண்டி, மாடியில் குழந்தைகள் வேர்த்துக் கொட்டி அழ ஆரம்பித்தால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்துவிடும். "அங்கிள், நல்லா இருக்கீங்களா? ரொம்ப நாளாச்சு பேசி" என்று ஆரம்பிக்கிற குரலிலேயே மாரிசாமிக்குத் தெரியும், ஏசியின் கண்டென்சர் நின்றுவிட்டது என்று. வேலை முடிந்தால் காசு வாங்கமாட்டார். ஒரு டீ வாங்கிக்கொள்வார். அந்த டீக்காகத்தான் போகிறார் என்று யாருக்கும் தோன்றியதில்லை.

மதுரையில் மெக்கானிகல் படித்தவர். தோஹாவில் பெரிய கட்டடங்களைக் குளிரவைக்கும் இயந்திரங்களோடு நாலு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, அதே இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் ஆட்டிவைக்கும் வேலைக்கென்று 2001-இல் டெக்சஸ் வந்தார். தங்கைகள் இருவரின் கல்யாணம் முடியட்டும் என்று இருந்தார். முடிந்தது. கிரீன் கார்டு வரட்டும் என்று இருந்தார். அதுவும் வந்தது. வந்த கையோடு வேலை போனது. வயது நாற்பத்திரண்டு. ஊருக்குப் போகக் கூச்சமாக இருந்ததால் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்து ஏசி வேலை படித்து லைசென்ஸ் எடுத்தார். கீபோர்டு தட்டியவர் ஏணி தூக்க ஆரம்பித்தார் என்று தெரிந்ததும் ஜாதகம் அனுப்பிக்கொண்டிருந்தவர்களும் ஓய்ந்துபோனார்கள்.

இப்போது ஒரு கம்பெனிக்காக அலுவலகக் கட்டடங்களைப் பார்த்துக்கொள்கிறார். எந்த மாடிக்கு எவ்வளவு குளிர் போக வேண்டும், வெளிக்காற்று எவ்வளவு உள்ளே வர வேண்டும், கரண்டை எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்று அளந்து சொல்வது அவர் வேலை. நல்ல வேலைதான், மூளைக்கு வேலை கொடுக்கிற வேலை. ஆனால் நாள் முழுக்க மொட்டைமாடியிலும் மெஷின் ரூமிலும் கழியும். கீழே ஆயிரம் பேர் அவர் அனுப்பும் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருப்பார்கள். லிஃப்டில் அவரைக் கண்டால் வழிவிட்டுவிட்டுத் தங்கள் போனைப் பார்ப்பார்கள். சாயங்காலம் அபார்ட்மென்டுக்கு வந்து சோறு வடித்து, யூட்யூபில் யாராவது பேசுவதைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவார். என்ன பேசுகிறார்கள் என்று கவனிப்பதில்லை. தமிழ்ச் சத்தம் கேட்டால் போதும்.

முகிலன் வீட்டுக்கு அவர் முதலில் போனது 2018 ஜூனில். முகிலனும் பிரீத்தியும் ஈரோட்டுப் பக்கம். அவன் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனியில், அவள் ஒரு வங்கியின் சாஃப்ட்வேர் பிரிவில். அப்போது மகள் வெண்பாவுக்கு ஐந்து வயது. இரண்டாயிரத்து மூன்றில் கட்டிய மாடிவீடு, அதே வயதுள்ள ஏசி. முதல் இரண்டு மூன்று வருஷம் சின்னச் சின்னக் கோளாறுதான். சரிசெய்தார், டீ குடித்தார், கிளம்பினார். 2021-இல்தான் அந்த ஐஸ் வந்தது.

மாடிக்கும் கூரைக்கும் நடுவே இருக்கிற அட்டிக்கில் ஏசியின் குளிர்ச்சுருள் இருக்கும். கேஸ் கசிந்து குறைந்துவிட்டால் அந்தச் சுருள் முழுக்க ஐஸ் கட்டிக்கொள்ளும். வீட்டுக்குள் தொண்ணூறு டிகிரி வெக்கை, அட்டிக்கில் இயந்திரத்துக்குள் வெள்ளைவெளேரென்று ஐஸ். அது முழுக்க உருகினால்தான் கேஸை அளக்க முடியும், ஊற்ற முடியும். கம்ப்ரஸரை நிறுத்திவிட்டு விசிறியை மட்டும் ஓடவிட்டால் உருக மூன்று மணி நேரமாகும்.

மூன்று மணி நேரம்! மாரிசாமிக்கு அந்த ஊரில் அதுவரை யாரும் தந்திராத நேரம். அட்டிக்கிலிருந்து வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்து டைனிங் டேபிளில் உட்கார்ந்தார். வீட்டில் ஆளாளுக்கு விசிறிக்கொண்டு, வேறு போக்கிடம் இல்லாமல் அவரைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பிரீத்தி மோர் கொடுத்தாள், பிறகு டீ போட்டாள், பிறகு "இவ்ளோ நேரம் இருக்கீங்க, சும்மாவா" என்று வாழைக்காய் பஜ்ஜி போட்டாள். முகிலன் தன் மேனேஜரைப் பற்றிப் புலம்பினான். வெண்பா கேரம் போர்டைத் தூக்கி வந்து, சுண்டத் தெரியாமல் கையால் காயைத் தள்ளித் தள்ளி அவரை ஜெயித்தாள். நடுநடுவே முகிலன் கேட்பான், "இன்னும் உருகலைங்களா அங்கிள்?"

"அது மெதுவாத்தான் தம்பி உருகும். அவசரப்பட்டா சுருள் வீணாப்போயிரும்."

இதில் பாதிதான் உண்மை. பிரீத்தியின் தலை உலர்த்தும் ஹேர் டிரையரை வாங்கிப் பக்குவமாகக் காட்டினால் முக்கால் மணி நேரத்தில் முடிகிற சமாச்சாரம். மற்ற வீடுகளில் அப்படித்தான் செய்வார்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்: சுருள் ஓட்டையாகிவிட்டது, இந்தக் காலத்து ஏசி இதில் பாதிக் கரண்டில் ஓடும், மாற்றிவிடுங்கள் என்று. வாய்வரை வந்தது. ஆனால் மாரிசாமி ஏற்கெனவே ஒன்றைக் கவனித்திருந்தார். அவர் பேச்சைக் கேட்டுப் புது ஏசி போட்ட வீடுகளிலிருந்து அதன் பிறகு போன் வருவதேயில்லை. பசுபதி வீடு, விஷாகா வீடு, மாதவ் வீடு என்று ஒவ்வொன்றாக நல்ல ஏசி வந்து அவரை வெளியே தள்ளிவிட்டது. அந்த வீடுகளில் அவருக்கு வேலை இல்லை, எனவே அவரும் இல்லை. நல்ல யோசனை சொல்லிச் சொல்லியே ஊரை இழந்துகொண்டிருந்த மனுஷன், ஒரு வீட்டையாவது வைத்துக்கொள்ளலாமே என்று நினைத்துவிட்டார்.

"இன்னும் ஒரு வருஷம் ஓடும் தம்பி," என்றார்.

அடுத்த ஜூனில் மறுபடி ஐஸ். மறுபடி மோர், டீ, பஜ்ஜி, கேரம். "இன்னும் ஒரு வருஷம்." அந்தப் பழைய ரக கேஸ் இப்போது கிடைப்பதே அரிது, எங்கெங்கோ தேடி வாங்கி வந்து ஊற்றினார். ஒரு பொய்யைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு உண்மைக்குக்கூடப் பட்டிருக்கமாட்டார். மூன்றாம் வருஷம் ஏசி மாடிவரை குளிரைக் கொண்டு சேர்க்கவே திணறியது. அதற்கும் ஒரு வழி கண்டார். ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாடி ஜன்னல் இடுக்குகளில் பசை பூசினார், அட்டிக் கதவைச் சுற்றி நுரை அடைத்தார், வெண்பா அறைக் கதவின் கீழ் ரப்பர் பட்டை வைத்தார். கொஞ்சம் வருகிற குளிர் வெளியே ஓடாமல் நிற்கட்டும் என்று. அன்றைக்கு மதியச் சாப்பாடும் அங்கேயே நடந்தது, சாம்பார் சாதமும் அப்பளமும். கிளம்பும்போது பிரீத்தி, "எங்களுக்கு இங்க சொந்தக்காரங்க யாருமே இல்ல அங்கிள், நீங்கதான்" என்றாள். அந்த வார்த்தையை மாரிசாமி எத்தனை நாள் தின்றிருப்பார் என்று கணக்கில்லை.

2024 ஜூனில் அவர் போனபோது கேரம் போர்டு வரவில்லை. பதினோரு வயது வெண்பா சோபாவில் கண்ணை மூடிப் படுத்திருந்தாள்.

"என்னம்மா ஆச்சு பாப்பாவுக்கு?"

"தலைவலி அங்கிள். காலைல எழுந்திரிச்சாலே தலைவலின்னுதான் எழுந்திரிக்கிறா. ஒரு வருஷமா இப்படித்தான். டாக்டர்ட்ட போனோம், ஐ டெஸ்ட் பண்ணி கிளாஸ் மாத்தினோம், ஃபோன் டைம் கட் பண்ணோம். ஒண்ணுக்கும் கேக்கல," என்றாள் பிரீத்தி.

"ஸ்கூல்ல இருக்கும்போது வலிக்குதா கண்ணு?"

"நோ அங்கிள். ஒன்லி இன் த மார்னிங்," என்றாள் வெண்பா கண்ணைத் திறக்காமல்.

மாரிசாமிக்குத் தான் பூசிய பசை ஞாபகம் வந்தது. நேரே மாடிக்குப் போனார். அந்த அறையில் அவர் பூசிய பசை அப்படியே இருந்தது, துளிகூட விரிசல் விடவில்லை. கதவைச் சாத்திப் பார்த்தார். ரப்பர் பட்டை தரையோடு கச்சிதமாகப் பொருந்தியது. அலுவலகக் கட்டடங்களில் ஆட்கள் விட்ட மூச்சின் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அளக்கும் கருவி அவர் வண்டியில் எப்போதும் இருக்கும். எடுத்து வந்து கட்டில் பக்கத்து மேசையில் வைத்தார். "நாளைக்குக் காலைல வந்து எடுத்துக்கிறேம்மா. ராத்திரி எப்பவும்போலக் கதவைச் சாத்திட்டே தூங்கட்டும்," என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை கருவி இரவு முழுக்கச் சேர்த்து வைத்திருந்த எண்களைப் பார்த்தார். வெளியே திறந்த வெளியில் நானூற்றுச் சொச்சம் காட்டும். அலுவலகத்தில் ஆயிரத்தைத் தாண்டினாலே அவர் போய்ச் சண்டை போடுவார். அந்தக் குழந்தையின் அறையில் விடியும்போது இரண்டாயிரத்து நானூறு. தான் விட்ட மூச்சையே மறுபடி மறுபடி இழுத்துக்கொண்டு அந்தப் பெண் ஒரு வருஷமாகத் தூங்கியிருக்கிறாள்.

காற்று வெளியே போகாதபடி ஒரு வீட்டை இறுக்கினால் புதுக்காற்று உள்ளே வர வழி செய்ய வேண்டும். இது அவருக்குத் தெரியாததா? இருபது வருஷமாக அடுத்தவர்களுக்குச் சொல்லிச் சம்பளம் வாங்கும் விஷயம். அதையும் செய்யச் சொல்லியிருந்தால் கூடவே புது ஏசி பேச்சு வந்திருக்கும். அதனால் பாதி வேலையைச் செய்துவிட்டு மீதியை முழுங்கிவிட்டார். ஒரு கப் டீக்காக ஒரு குழந்தையைப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறோம் என்று அந்தக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடி நினைத்தார். தன்மேல் அவருக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

முதலில் பேனாக்கத்தியை எடுத்துக் கதவடியில் இருந்த ரப்பர் பட்டையை அறுத்தெறிந்தார், ஜன்னலைத் திறந்துவிட்டார். பிறகு கீழே வந்தார். முகிலன் காபியோடு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, ஏசியை மாத்திருவோம். இனிமே தள்ளிப்போட வேண்டாம்."

"நீங்க சொன்னா சரிங்க அங்கிள். இன்னும் ஒரு வருஷம் ஓடும்னு நெனச்சேன்."

"ஓடாது. போன வருஷமே மாத்தியிருக்கணும். அதுக்கு முந்தின வருஷமே மாத்தியிருக்கணும். பாப்பா ரூமை அடைச்சதும் என் தப்பு. காத்து வர்றதுக்கு வழி வைக்காம அடைச்சுட்டேன். தலைவலிக்கு அதுதான் காரணமா இருக்கும்."

"அட, நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க? விடுங்க அங்கிள்."

மாரிசாமி நின்றார். "இல்ல தம்பி. சுருள் ஓட்டைன்னு எனக்கு மூணு வருஷமா தெரியும். தெரிஞ்சுதான் சொல்லாம இருந்தேன்."

முகிலன் சிரித்தான். "எங்க செலவைப் பாத்துத் தள்ளிப்போட்டீங்க. எங்களுக்குப் புரியாதுங்களா? இந்த ஊர்ல யாருங்க அங்கிள் அப்படி நெனைப்பாங்க!"

திட்டியிருந்தால் தேவலை. அதற்குமேல் விளக்க அவரால் முடியவில்லை. விளக்கினால் டீயைப் பற்றியும் பஜ்ஜியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஆனால் வேலையை ஒழுங்காகச் செய்தார், அதில் குறை சொல்ல முடியாது. தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் ஹீட் பம்ப் ரக ஏசி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அட்டிக்கில் ஓடும் காற்றுக் குழாய்களில் இருந்த ஓட்டைகளை எல்லாம் அடைக்க வைத்தார். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒரு பெட்டி. வீட்டின் பழைய காற்றை அது வெளியே தள்ளும், வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். இரண்டும் கலக்காமல் அக்கம்பக்கமாகப் போகும்போது வெளியேறும் குளிர்காற்று வருகிற அனல்காற்றைத் தணித்துவிடும். அதனால் புதுக்காற்றும் கிடைக்கும், கரண்டும் வீணாகாது. லீவு போட்டு மூன்று நாள் கூடவே நின்று, பொருத்த வந்தவர்களைப் பாடாய்ப்படுத்தினார். கடைசியில் வெண்பா அறையில் கருவியை வைத்து அளந்தார். காலையில் அறுநூற்று ஐம்பது.

பத்து நாள் கழித்துப் பிரீத்தி மெசேஜ் அனுப்பினாள், தலைவலி இல்லை என்று. கும்பிடும் கைகள் மூன்று, இதயம் ஒன்று. அவர் கட்டைவிரல் ஒன்று அனுப்பினார். அதுதான் கடைசி.

ஆகஸ்டில் வெயில் நூற்றெட்டு போனது. வேறு நாலு வீடுகளிலிருந்து போன் வந்தது, போனார். தீபாவளிக்கு முகிலன் வீட்டிலிருந்து வாட்ஸப்பில் விளக்குப் படம் வந்தது, எல்லோருக்கும் அனுப்பியது. பொங்கலுக்கும் அப்படியே. குளிர்காலம் போய் மறுபடி மே வந்தது. சாயங்காலங்களில் மாரிசாமி ஊரின் வெப்பநிலையைப் போனில் பார்க்க ஆரம்பித்தார். தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றெட்டு, நூற்றொன்று. எவ்வளவு ஏறினாலும் அந்த வீட்டில் ஒன்றும் கெடாது. அவர் தேர்ந்தெடுத்த இயந்திரம், அவர் நின்று பார்த்த வேலை. கெடாது என்று அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. அந்தப் பெருமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை முற்பகல், துணி துவைக்கப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர் பிரீத்தியைப் போனில் கூப்பிட்டார். இருபத்துநாலு வருஷத்தில் அந்த ஊரில் வேலை விஷயமாக அல்லாமல் ஒரு வீட்டுக்கு அவராகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை. மணி போகப் போக, வைத்துவிடலாமா என்று இரண்டு முறை நினைத்தார்.

"அங்கிள்! சொல்லுங்க, எப்படி இருக்கீங்க?" பின்னால் வெண்பா யாரோடோ சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"நல்லா இருக்கேம்மா. ஏசி எப்படி ஓடுது?"

"சூப்பரா ஓடுது அங்கிள். ஒரு சத்தம் இல்ல. கரண்ட் பில் பாதிதான் வருது. வர்றவங்க எல்லார்கிட்டயும் உங்களைப் பத்திதான் சொல்றோம்."

"பாப்பாவுக்குத் தலைவலி?"

"ஒண்ணுமே இல்ல அங்கிள். ஸ்விம் டீம்ல சேர்ந்திருக்கா."

"நல்லது, நல்லது," என்றார். கேட்க வைத்திருந்தது தீர்ந்துவிட்டது. அவளும் மரியாதைக்குக் காத்திருந்தாள். "இன்னிக்கு ஒருதடவை வந்துட்டுப் போகலாம்னு பாத்தேன்மா," என்றார்.

"வாங்களேன் அங்கிள். எதுக்கு, ஏதாச்சும் செக் பண்ணணுமா?"

அவள் தவறாக ஒன்றும் கேட்கவில்லை. ஏழு வருஷமாக எதற்காகவாவதுதானே அவர் வந்திருக்கிறார். மாரிசாமிக்கு நாக்கு தானாகப் புரண்டது. "ஃபில்டர் பாக்கணும்மா. ஒரு வருஷம் ஆகுதுல்ல."

"அது ஆப்லயே காட்டிடுது அங்கிள். போன வாரம்தான் அவர் மாத்தினார். நீங்க எதுக்கு இந்த வெயில்ல அலையணும்?"

அக்கறையாகத்தான் சொன்னாள். சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டால் முடிந்தது. அந்த வீடும் பசுபதி வீடு, மாதவ் வீடு மாதிரி ஆகிவிடும். அவர் கையில் வேறு சாக்கு இல்லை. எல்லாவற்றையும் அவரே சரிசெய்துவிட்டார்.

"ஃபில்டருக்காக இல்லம்மா," என்றார் மாரிசாமி. குரல் எங்கோ போயிருந்தது, இருமிச் சரிசெய்துகொண்டார். "பாக்கறதுக்கு ஒண்ணுமில்ல. எனக்கு இங்க யாரும் இல்ல. உங்களையெல்லாம் பாக்கணும்போல இருந்துச்சு, அதான் கேட்டேன். சும்மா வரலாமான்னு."

அழைப்பு அறுந்துவிட்டதோ என்று போனை எடுத்துத் திரையைப் பார்த்தார். விநாடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. இப்படிக் கேட்டிருக்கக் கூடாது, இந்த வயதில் இது என்ன அசிங்கம் என்று காது சுட்டது.

"அங்கிள்," என்றாள் பிரீத்தி கடைசியில். அவள் குரலும் இறங்கியிருந்தது. "இப்பவே கிளம்பி வாங்க, நம்ம வீட்லதான் சாப்பாடு." பிறகு தயங்கினாள். "நீங்க வெஜ்ஜா, நான்வெஜ்ஜா அங்கிள்? இத்தனை வருஷமா வர்றீங்க, நான் கேட்டதே இல்லையே."

"நான்வெஜ்தாம்மா," என்றார் மாரிசாமி. டெக்சஸில் அதை அவரிடம் யாரும் கேட்டதில்லை.